சென்னை வெயிலில் பீட்டிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?

கேள்வி இதுதான்: மாமாவின் 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், பின்பக்கம் காற்றால் குளிரும் 1300 இன்ஜின், பல வருடம் ஷெட்டில் நின்றுவிட்டு இப்போது ஓடத் தயாராகிறது. இன்ஜினை இறக்கிப் பிரித்த மெக்கானிக், ஃபேன் கூண்டுக்குள் காற்றைத் திறந்து மூடும் ஃப்ளாப்களையும், சூட்டைப் பொறுத்து அவற்றை அசைக்கும், அடியில் இருந்த தெர்மோஸ்டாட்டையும் கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டு, "இதெல்லாம் குளிர் நாட்டுச் சமாச்சாரம், சென்னைக்கு வேண்டாம், காத்து ஃப்ரீயா போகட்டும்" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதா, திரும்ப மாட்டச் சொல்வதா?

திரும்ப மாட்டச் சொல்லுங்கள், ஃப்ளாப்களைக் கட்டாயமாக. தெர்மோஸ்டாட் வேலை செய்யும் நிலையில் இருந்தால் அதையும்.

அவர் அப்படிச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊர் மெக்கானிக்குகள் கை பழகியது அம்பாசடரிலும் பத்மினியிலும் ஹெரால்டிலும், எல்லாம் தண்ணீர் ஊற்றும் வண்டிகள். அவற்றில் தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன அடைப்பான். அது மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது, பத்து நிமிடத்தில் கொதித்துப் பொங்கி நடுரோட்டில் நிற்கும். இரண்டு முறை அப்படி நின்ற எந்த மெக்கானிக்கும் மூன்றாவது முறை அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார். அந்தப் பாடத்தை அப்படியே பீட்டிலுக்குக் கொண்டுவருகிறார்கள், தப்பு அங்கேதான் நடக்கிறது. பீட்டிலில் இருப்பது பெயரளவில்தான் அதே பொருள், கெட்டுப்போகும் விதமே தலைகீழ்.

முதலில் காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கம்பித் துளைகள் வழியாகக் காற்று இன்ஜின் அறைக்குள் வருகிறது. டைனமோ ஷாஃப்ட்டின் ஒரு முனையில் ஃபேன், மறு முனையில் பெல்ட் புல்லி. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஃபேன் கிட்டத்தட்ட இரண்டு சுற்று சுற்றும். அது காற்றை இழுத்து அந்தக் கறுப்புத் தகரக் கூண்டுக்குள் தள்ளுகிறது. கூண்டு கீழே இரண்டாகப் பிரிந்து வலதுபக்கம் 1, 2 சிலிண்டர்கள் மேலும் இடதுபக்கம் 3, 4 சிலிண்டர்கள் மேலும் காற்றை இறக்குகிறது. காற்று சிலிண்டர் செதில்களுக்கும், சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டின் செதில்களுக்கும் நடுவே புகுந்து சூட்டை வாங்கிக்கொண்டு அடியில் வெளியேறிவிடும். ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லாத வண்டியில் இந்த ஒரு ஓட்டத்தை நம்பித்தான் எல்லாமே இருக்கிறது.

ஃப்ளாப்கள் கூண்டின் அந்த இரண்டு கீழ் வாய்களிலும் இருக்கின்றன. ஒரு கம்பி இரண்டு பக்கத்தையும் இணைக்கிறது. வலதுபக்கத்தில் இருந்து ஒரு நீளக் கம்பி சிலிண்டர்களுக்கு நடுவே கீழே இறங்கி, 1-க்கும் 2-க்கும் அடியில் ஒரு பிராக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பித்தளைத் துருத்தியில் முடிகிறது. அந்தத் துருத்திதான் தெர்மோஸ்டாட். (1960-களின் நடுவரை வந்த மாடல்களில் ஃப்ளாப்கள் கிடையாது, ஃபேனின் வாயிலேயே ஒரு வளையம் நெருங்கியும் விலகியும் காற்றைக் கட்டுப்படுத்தும். உங்களுடையது 68 என்பதால் ஃப்ளாப் வகை.)

துருத்தி நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். அது இன்ஜினின் உலோகத்தைத் தொடவில்லை, உள்ளே போகிற காற்றையும் பார்க்கவில்லை. சிலிண்டர்களைத் தடவி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும் காற்றில் நிற்கிறது. இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அந்தக் காற்றை வைத்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வந்ததும் முழுதாக நீண்டு ஃப்ளாப்களை முழுக்கத் திறந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும்போது சுருங்கி, காற்றின் பெரும்பகுதியைத் தடுத்து வைத்திருக்கும்.

துருத்தி எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, சீக்கிரம் ஆவியாகிற ஒரு திரவத்தைக் கொஞ்சமாக விட்டு மூடியிருக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது உள்ளே அழுத்தம் மிகக் குறைவு, அதனால் வெளியில் இருக்கும் சாதாரணக் காற்றின் அழுத்தமே அதை நசுக்கிக் குட்டையாக வைத்திருக்கிறது. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி வெளி அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கிறது, துருத்தி நீள்கிறது. அதாவது நீண்ட நிலைதான் அதன் இயல்பான நிலை, குட்டையாக இருப்பது வெளிக்காற்று பிடித்து அமுக்கி வைத்திருப்பதால்.

இப்போது அது எங்கேயாவது விரிசல் விட்டு ஓட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும், அமுக்க ஆள் இல்லை, துருத்தி தன் இயல்பான நீளத்துக்குப் போய் நின்றுவிடும். ஃப்ளாப்கள் திறந்தே இருக்கும், இன்ஜின் சூடாகத் தாமதமாகுமே தவிர இதனால் வெந்து போகாது. அம்பாசடரில் சிக்கிக்கொண்டால் இன்ஜினைக் கொதிக்க வைக்கும் பொருள், பீட்டிலில் செத்துப்போனாலும் இன்ஜினைக் காப்பாற்றிவிட்டுத்தான் சாகிறது. இதை உங்கள் மெக்கானிக் அண்ணனிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், அவர் பயப்படுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

இதிலிருந்தே பழைய பொருள் வாங்கும்போது பார்க்கவேண்டியதும் கிடைத்துவிடுகிறது. புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ யாராவது ஒரு பழைய துருத்தியை எடுத்துக் காட்டினால், கையில் வாங்கியதும் நீளத்தைப் பாருங்கள். மே மாத மத்தியான வெயிலில், 40 டிகிரியில், கடை அலமாரியில் கிடந்தாலும் அது குட்டையாகத்தான் இருக்கவேண்டும், 65 எங்கே 40 எங்கே. அலமாரியிலேயே நீண்டு கிடந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, பித்தளை விலைதான் பெறும். குட்டையாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்துவிடலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, துருத்தியை ஒரு கம்பியில் கட்டி அடி தொடாமல் தொங்கவிடுங்கள், பக்கத்தில் ஒரு சமையல் தெர்மாமீட்டர். அடுப்பைச் சிம்மில் வைத்து மெதுவாக ஏற்றவேண்டும். என்னுடையதைச் சோதித்த அன்று 50 வரை ஒன்றுமே நடக்கவில்லை, 60-ஐ நெருங்கும்போது மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது, அப்புறம் ஐந்தாறு டிகிரிக்குள் மளமளவென்று நீண்டுவிட்டது. 65-70 டிகிரியில் குறைந்தபட்சம் 46 மில்லிமீட்டர் நீளம் வரவேண்டும், அதுதான் அளவு. ஆறவைத்தால் திரும்பச் சுருங்கவும் வேண்டும், அதையும் பாருங்கள்.

புதிதாக வரும் சில மாற்றுத் தெர்மோஸ்டாட்களில் துருத்திக்குப் பதில் மெழுகு இருக்கிறது. மெழுகு உருகி விரியும்போது ஒரு தண்டைத் தள்ளும். வேலை ஒன்றுதான், ஆனால் மெழுகு ஒழுகிவிட்டால் தள்ளும் சக்தி போய், திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காது. அதைப் போட்டால் வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். எனக்குக் கேட்டால் பழைய நல்ல துருத்தி கிடைக்கிறவரை தேடுவேன்.

சரி, சென்னைக்கு எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட் ஊர்க் குளிருக்காக வைத்ததே இல்லை, இன்ஜின் குளிருக்காக வைத்தது. காலையில் நீங்கள் சாவி போடும்போது சென்னை 30 டிகிரியில் இருக்கிறது, உங்களுக்கு வியர்க்கிறது, ஆனால் இன்ஜினுக்கு அது பச்சைக் குளிர். ஆயில் 80-க்கு மேல் போனால்தான் அதற்கு நிம்மதி.

குளிர்ந்த இன்ஜினில் என்ன கெடுதல் என்றால், பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் சூடானபிறகு இடைவெளி சரியாக இருக்கவேண்டும் என்று குளிரில் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருப்பார்கள். சூடாகும்வரை பிஸ்டன் உள்ளே ஆடும், எரிந்த வாயு பிஸ்டன் ஓரமாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். அந்த வாயுவில் தண்ணீர் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெரும்பாலும் சைலன்சர் வழியாகப் போய்விடும், ஆனால் கீழே இறங்குகிற கொஞ்சம், ஆயில் சூடாகாமல் இருந்தால் அங்கேயே தண்ணீராகிவிடும். அசோக் நகரிலிருந்து தி.நகர், அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தல், திரும்ப வீடு. இப்படி மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் வெண்ணெய் தடவியதுபோல் மஞ்சள் வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஆயிலும் தண்ணீரும் கடைந்தது அது. இந்த இன்ஜினில் ஆயிலே மொத்தம் 2.5 லிட்டர்தான், சரியான ஃபில்டர் கிடையாது, ஒரு கம்பி வலைதான். அந்த 2.5 லிட்டருக்குள் தண்ணீர் சேரவிடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பூஜ்ஜியம் டிகிரியில் கிளம்பும் ஜெர்மன்காரருக்குக் கிடைக்கும் லாபம் நமக்கு இல்லை. நாம் 30-லிருந்து கிளம்புகிறோம், இன்ஜின் சீக்கிரமே சூடாகிவிடும். தெர்மோஸ்டாட் மட்டும் இல்லாமல் சென்னையில் ஓட்டினால் வண்டி செத்துவிடாது. அதே வண்டியை டிசம்பரில் ஊட்டிக்குக் கொண்டுபோய் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஃப்ளாப்கள் கதை வேறு. அவை காற்றை அடைக்கிற கதவு மட்டும் இல்லை. திறந்து நிற்கும்போது, கூண்டுக்குள் சுழன்று வரும் காற்றை வெளிப்பக்கம் ஹெட் இருக்கும் இடத்துக்குத் திருப்பிவிடும் தடுப்பாகவும் நிற்கின்றன. ஃபேன் ஒரு பக்கமாகச் சுற்றுவதால் காற்று தானாகச் சமமாகப் பிரியாது, கூண்டுக்குள் இருக்கும் தகடுகளும் ஃப்ளாப்களும் சேர்ந்துதான் நான்கு சிலிண்டருக்கும் பங்கு வைக்கின்றன. உங்கள் மாடலில் ஆயிலின் சூட்டைக் குறைக்கும் ஆயில் கூலர் கூண்டுக்குள்ளேயே, 3-ஆம் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. பாவம் அந்த 3-க்கு ஏற்கனவே ஆயில் சூட்டை வாங்கிய காற்றுதான் வருகிறது, அதுவும் குறைவாக. ஃபோக்ஸ்வேகனே இதைத் தெரிந்து வைத்திருந்து, தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலவற்றில் 3-ஆம் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியைச் சில டிகிரி தாமதமாக வைத்தது, 1971 மாடலில் கூலரையே கூண்டுக்கு வெளியே பின்பக்கம் தனி அறையில் கொண்டுபோய் வைத்தது. இவ்வளவு இழுபறியில் இருக்கிற ஒரு சிலிண்டருக்கு, "காத்து ஃப்ரீயா போகட்டும்" என்று தடுப்பைக் கழற்றினால் காற்று தனக்கு எளிதான வழியில் போகும், 3-க்குப் போகாது.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். வாங்கிய புதிதில் ஏலகிரி போனேன். 14 கொண்டை ஊசி வளைவு, பெரிய மலை ஒன்றும் இல்லை. மேலே போய் நிறுத்தி ஐடிலில் விட்டபோது ஆயில் விளக்கு மினுக்கியது. சூட்டில் ஆயில் தண்ணீராக இளகி அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் புதிது, ஃப்ளாப் எல்லாம் இருக்கிறது, பிறகு ஏன்? ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பாயை விரித்துப் படுத்து அடியில் பார்த்தேன். எனக்கு முன்னால் வண்டியைப் பார்த்த ஏதோ ஒரு பட்டறையில், சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கவேண்டிய தகரங்களைப் பக்கவாட்டுத் தகரத்தோடு சேர்த்துக் கழற்றிவிட்டிருக்கிறார்கள், துருப்பிடித்திருக்கும், வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். அதனால் துருத்தி சிலிண்டரின் சூடான காற்றில் நிற்காமல், ஓடும்போது அடியில் வரும் ரோட்டுக் காற்றில் நின்றுகொண்டிருந்தது. மேலே இன்ஜின் வெந்துகொண்டிருக்கிறது, இது மட்டும் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பாதிதான் திறந்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டில் தப்பே இல்லை, அதற்குத் தப்பான செய்தி போயிருக்கிறது. டிங்கரிங் கடையில் தகரம் வெட்டி வளைத்துப் போட்டபிறகு அதே ஏலகிரிக்கு மூன்று முறை போய்வந்துவிட்டேன், விளக்கு எரியவில்லை.

அதனால் தெர்மோஸ்டாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் தகரங்களை எண்ணுங்கள். சென்னையில் பீட்டில் சூடாவதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதி ரப்பரும் தகரமும்தான். இன்ஜினைச் சுற்றி, தகரத்துக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஓடுகிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று, இரண்டையும் பிரிப்பது அந்த ரப்பர்தான். அது நம் வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிட்டால் கீழே தள்ளிய சூட்டை ஃபேன் திரும்ப மேலே இழுத்துக்கொள்ளும். பிளக் வயர்கள் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் சின்ன ரப்பர் மூடிகள் உண்டு, அவை இல்லாவிட்டாலும் ஹெட்டுக்குப் போகவேண்டிய காற்று அந்த ஓட்டை வழியாகத் தப்பித்துவிடும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது: ஹீட்டர் எதற்கு என்று கழற்றிவிடுவோம், நியாயம்தான், ஆனால் கூண்டிலிருந்து ஹீட்டருக்குக் காற்று போகும் இரண்டு குழாய் வாய்களையும் அடைக்காமல் விட்டுவிடுவார்கள். ஃபேன் தள்ளும் காற்றில் ஒரு பங்கு வீணாக வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியிலும் ஹீட்டர் குழாய்களைக் கழற்றியிருந்தால் அந்த வாய்களை இறுக்கி மூடச் சொல்லுங்கள்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கவேண்டும், புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் இருக்கும் ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகளை) கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்வார்கள். ஓடும்போது டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிதானே என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் ஃபேனும் நின்றுவிட்டது, அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். மலை ஏறும்போது இன்ஜினை இழுக்கவிடாமல் கீழ் கியருக்கு வாருங்கள், சுற்று கூடினால் ஃபேனும் வேகமாகச் சுற்றும்.

மற்ற வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, யாராவது "அந்த வண்டியில் இல்லையே" என்பார்கள். பழைய ஃபியட் 500-இலும் காற்றுத் தெர்மோஸ்டாட் உண்டு, அமெரிக்காவின் ஆறு சிலிண்டர் ஷெவர்லே கார்வேரிலும் துருத்தியால் திறக்கும் கதவுகள் உண்டு. சிட்ரோன் 2சிவி-யில் கிடையாது, குளிர்காலத்தில் முன் கிரில்லுக்கு ஒரு மூடி மாட்டிக்கொள்வார்கள். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-இல் காற்று எப்போதும் முழுசாகவே வீசும், தெர்மோஸ்டாட் ஆயில் வழியில் இருக்கிறது, அங்கே ஆயில் அளவும் பல மடங்கு அதிகம். நம் திருவொற்றியூர் புல்லட்டில் ஃபேனே இல்லை, ஓடுகிற காற்றுதான். ஒவ்வொன்றிலும் கணக்கு வேறு, பீட்டிலின் கணக்கில் ஃப்ளாப்பும் துருத்தியும் சேர்ந்தே இருக்கின்றன.

மாட்டும்போது ஒரு விஷயம். துருத்தி முழுதாக நீண்டு பிராக்கெட்டின் மேல் வளைவைத் தொடும் நிலையில் ஃப்ளாப்கள் முழுக்கத் திறந்திருக்கவேண்டும். இன்ஜினை நன்றாக ஓடவிட்டு, சூட்டில் துருத்தி நீண்டபிறகு, பிராக்கெட் நட்டைத் தளர்த்தி நகர்த்தி இந்த இரண்டையும் ஒன்றாகப் பொருத்தி இறுக்குவார்கள். குளிரில் கண்ணளவாக இறுக்கிவிட்டால் பாதித் திறப்போடு ஓடிக்கொண்டிருக்கும். இன்ஜினைக் கூண்டோடு மூடுவதற்கு முன், கம்பியைக் கையால் மேலும் கீழும் தள்ளி இரண்டு பக்கமும் சிக்காமல் அசைகிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள், துரு இருந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம்.

துருத்தி செத்துப்போயிருந்து, மாற்று உடனே கிடைக்கவில்லை என்றால், ஃப்ளாப்களை மாட்டி, முழுக்கத் திறந்த நிலையில் கம்பியை உறுதியாகக் கட்டிவிடச் சொல்லுங்கள். சும்மா தொங்கவிடக்கூடாது, அதிர்வில் எந்த நிலைக்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். கிளம்பியதும் முதல் நாலைந்து கிலோமீட்டர் இன்ஜினை விரட்டாமல் ஓட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது ஈசிஆரில் மகாபலிபுரம் வரை போய்வந்தால் ஆயில் நன்றாகச் சூடாகி உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும்.

துருத்தியைத் தேடிப் பிடித்துவிடலாம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தும் விடலாம். உங்கள் கூண்டுக்கென்றே பொருந்தி வந்த அந்த ஃப்ளாப்கள் அவ்வளவு எளிதில் கிடைக்காது. அந்தச் சாக்கு இன்னும் பட்டறையில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள், பழைய இரும்புக்காரர் வண்டி வருவதற்கு முன்னால் வீட்டுக்கு எடுத்துவந்து விடுங்கள்.